98% ஆசிட் லைனில் கசிவு: அடைத்ததும் அள்ளியதும்

டேங்கரிலிருந்து கந்தக அமிலம் இறக்கும் லைனில் கசிவு வந்தால் முதலில் ஃபிளேஞ்சைத்தான், அதாவது குழாய்த் துண்டுகளைப் போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தட்டைத்தான், பார்க்க வேண்டும். எங்கள் யார்டிலும் அங்கேதான். கீழ்ப்பக்க போல்ட்டுகளில் வெளிறிய பச்சையாக உப்புப் பூத்திருந்தது, இரும்பு சல்ஃபேட். அடர் ஆசிட் இரும்புக் குழாயை அவ்வளவாக அரிக்காது, உள்ளே சல்ஃபேட் படலம் கட்டிக் காத்துக்கொள்ளும். வெளியே கசிந்த துளியோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நீர்த்துப்போய் போல்ட்டைத் தின்னும். பச்சை தெரிகிறதென்றால் கசிவு பழையது.

பம்பை நிறுத்தி, டேங்கர் வால்வையும் தொட்டி வால்வையும் மூடினோம். போல்ட்டை முறுக்க யாரையும் விடவில்லை. அழுத்தம் இருக்கும்போது நடுவிலுள்ள கேஸ்கெட் (அடைப்பு வளையம்) பிய்ந்தால் நேரே முகத்தில் பீய்ச்சும். லைனில் நின்றதை டிரெயின் வழியே மெதுவாக வடித்தோம்.

தரையில் சுமார் 20 லிட்டர். உடனே தண்ணீர் அடிக்கத்தான் கை போகும். அதைத்தான் செய்யக் கூடாது. அடர் ஆசிட்டில் கொஞ்சம் தண்ணீர் விழுந்தாலும் கொதித்துத் தெறிக்கும். மரத்தூளும் ஆகாது, கருகிச் சூடேறும். சாக்கடை வாயை அடைத்து, காய்ந்த மணலால் சுற்றிலும் வரப்புக் கட்டி, ஓரத்திலிருந்து உள்நோக்கி சோடா ஆஷ் (ஆசிட்டை முறிக்கும் சோடியம் கார்பனேட் தூள்) தூவினோம். லிட்டருக்கு 2 கிலோ கணக்கு. 50 கிலோ மூட்டை ஒன்று போதுமானது. உலர்ந்த நிலையில் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும், நம்பக் கூடாது. மண்வெட்டியால் கிளறிவிட்டு, தள்ளி நின்று தண்ணீரைத் தூறலாக விட்டபோதுதான் நுரைத்துப் பொங்கியது. பி.எச். தாள் 6-க்கும் 8-க்கும் நடுவில், அதாவது ஏறக்குறைய நடுநிலையாக, காட்டியபின் டிரம்மில் அள்ளினோம். மூடியை இறுக்கவில்லை, கரியமிலவாயு இன்னும் வந்துகொண்டிருக்கும்.

உடம்பில் பட்டால் கதை தலைகீழ். அங்கே தண்ணீர் மட்டும்தான், அதுவும் ஏராளமாக. ஹெல்பர் ஒருவரின் முன்கையில் தெறித்தது. ஷவருக்கு அடியில் நிறுத்தி, சட்டையைத் தலைவழியாகக் கழற்றாமல் வெட்டியெடுத்து, 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தோலில் சோடா தடவக் கூடாது, அது ஆசிட்டோடு சேரும்போது கிளம்பும் சூடே இன்னொரு காயம். நைட்ரைல் கையுறையை இந்த அடர்த்திக்கு நம்ப முடியாது, பியூட்டைல் ரப்பர் வேண்டும். ஷவர் லைன் வெயிலில் கிடந்தால் முதல் தண்ணீர் சுடும், ஷிஃப்ட் தொடங்கும்போதே திறந்துவிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

அரித்த போல்ட்டுகள் அசையவில்லை. கேஸ் கட்டர் வைக்கவில்லை. நீர்த்த ஆசிட் இரும்போடு சேர்ந்தால் ஹைட்ரஜன், உள்ளே இருந்தால் வெடிக்கும். ஹேக்சாவால் அறுத்து, டெஃப்லான் கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராகச் சமமாக இறுக்கி, மேலே ஃபிளேஞ்ச் கார்டு (தெறிப்பைத் தடுக்கும் உறை) மாட்டினோம்.