மழை விட்டாச்சு, ஆட்டம் எப்போ?

அமெரிக்காவில் டாலஸ் பக்கம் வார இறுதியில் கிரிக்கெட் ஆடும் எங்கள் கூட்டத்தில், வானம் பார்க்கிற பொறுப்பு என்னுடையது. ஏப்ரல், மே வந்தால் யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்கள். மழை விட்டுவிட்டது, இன்னும் ஏன் ஆட்டத்தைத் தொடங்கவில்லை என்பதுதான் எப்போதும் சண்டை.

நான் கைபேசியில் பார்ப்பது கோஸ்-19 என்கிற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளின் மின்னல் படம். அதை எடுக்கும் கருவி முதலில் போனது 2016-ல் ஏவிய கோஸ்-16-ல். சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து நொடிக்கு 500 முறை படம் பிடிக்கும். மின்னலில் சூடேறிய ஆக்சிஜன் விடுகிற ஒளியை மட்டும் தேடுவதால் பட்டப்பகலிலும் கண்டுபிடித்துவிடுகிறது. மேகத்துக்குள் ஓடியதா, தரையில் இறங்கியதா என்று மட்டும் அதற்குப் பிரிக்கத் தெரியாது. படத்தில் ஒரு கட்டமே எட்டு கி.மீ. அகலம். எந்த மரத்தில் விழும் என்று கேட்டால் முழிக்கும்.

ஆனால் ஒரு மின்னல் எவ்வளவு தூரம் படர்கிறது என்பது மேலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரிகிறது. இங்கே புயல் வரிசையாக வரும். முன்வரிசையில் கொட்டித் தீர்க்கும், கட்டங்கள் அடுத்தடுத்து மினுங்கும். பின்னால் வருவது வெறும் தூறல், படமும் காலியாகக் கிடக்கும். திடீரென்று அந்தக் காலி இடத்தின் குறுக்கே ஒரே மின்னல் கோடாக நீளும். 2017 அக்டோபர் 22 அன்று கிழக்கு டெக்சாஸில் இருந்து கன்சாஸ் சிட்டி பக்கம் வரை 829 கி.மீ. ஓடியது ஒன்று, சென்னை–கன்னியாகுமரி தூரத்தைவிட அதிகம். உலக வானிலை அமைப்பு அதைச் சாதனையாக அறிவித்தது 2025-ல்தான். இந்த மாதிரி மின்னல், போகிற வழியில் தரையிலும் இறங்கும்.

ஊரிலிருந்து வந்திருந்த நண்பரின் அப்பா ஒருமுறை காருக்குள் பொறுமையிழந்துவிட்டார். "தம்பி, இந்தத் தூறல்ல நாங்க நாத்தே நடுவோம்."

"அதான்ப்பா பயம்" என்று படத்தைக் காட்டினேன். கோடு ஒன்று எங்கள் மைதானத்தைத் தாண்டிப் போயிருந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இது நம்ம ஊருக்கும் உண்டா?" என்றார்.

இந்தச் செயற்கைக்கோளுக்கு இந்தியா தெரியாது. புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் தாமினி செயலி இருக்கிறது. தரையில் வைத்த உணரிகளை நம்பி எச்சரிக்கும். அதை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் விதி மாறவில்லை: கடைசி இடி கேட்டு 30 நிமிடம். நடுவில் இன்னொன்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். பக்கம் திறந்த தகரக் கொட்டகை கணக்கில் சேராது, காருக்குள்தான் உட்கார வேண்டும். திட்டுகிறவர்கள் அங்கிருந்தே திட்டலாம்.