ஈர விறகும் கழுவிய கத்திகளும்

கார்த்திகை பிறந்ததும் எங்கள் கரையில் வாடை வீசத் தொடங்கிவிடும். வடகடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும், வீட்டில் வருமானம் நின்றுவிடும். வெளியூர் விடுதிகளில் தங்கிப் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கையில் காசு இல்லாத மாதங்கள் இவைதான். இராமேசுவரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள மண்டபம் என்னும் ஊரின் வடகரையில் பிறந்த நான், 1980களின் பிற்பகுதியில் நான்கு ஆண்டுகள் ஒரு பெண்கள் விடுதியில் தங்கிப் படித்தவள். ஆகவே இந்தப் பருவத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1847ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை ஒரு விடுதிப் பள்ளியில் கழித்த மாணவியின் கடிதத்தைப் படித்தபோது, அதை அயல்நாட்டுச் செய்தியாக என்னால் படிக்க முடியவில்லை.

அந்த மாணவி பிற்காலத்தில் பெருங்கவியாக அறியப்பட்ட எமிலி டிக்கின்சன். சவுத் ஹாட்லி என்னும் சிற்றூரில் இருந்த மவுண்ட் ஹோலியோக் பெண்கள் பள்ளியில் அவர் சேர்ந்தபோது அவருக்கு வயது 16. அந்த டிசம்பரில் 17 நிறைந்தது. ஆம்ஹெர்ஸ்டில் இருந்த அவருடைய வீடு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. ஆனாலும் வீட்டு நினைவு அவரை வாட்டியது. நவம்பர் 6 அன்று தம் தோழிக்கு எழுதிய கடிதத்தில் தம் ஒரு நாளை மணிவாரியாக எழுதி அனுப்பினார். காலை 6 மணிக்கு எல்லோரும் எழ வேண்டும். 7 மணிக்குக் காலை உணவு. 8 மணிக்குப் படிப்பு. 9 மணிக்குப் பள்ளியின் பொதுக் கூடத்தில் வழிபாடு. பிறகு பழங்கால வரலாறு, கவிதை, உடற்பயிற்சி, பகலுணவு, பாட்டு, பியானோ. பிற்பகல் 3.45க்குத் தத்தம் பிரிவில் கூடி, தாமதமாக வந்தது, பேசக்கூடாத நேரத்தில் பேசியது முதலான தம் தவறுகளைத் தாமே சொல்ல வேண்டும். 4.30க்குத் தலைமையாசிரியை மேரி லயனின் அறிவுரை; 6 மணிக்கு இரவு உணவு; அதன்பின் 8.45 மணி அடிக்கும் வரை பேச்சில்லாத படிப்பு.

இந்த நேரங்களைக் குளிர்காலத்தோடு பொருத்திப் பார்த்தால்தான் அவற்றின் கடுமை தெரியும். டிசம்பர் இறுதியில் அந்தப் பகுதியில் சூரியன் 7 மணிக்கு மேல்தான் உதிக்கிறது. மாலை நாலரையை ஒட்டியே மறைந்துவிடுகிறது. அப்படியானால் அந்தப் பெண்கள் இருட்டில் எழுந்து, விளக்கொளியில் உண்டு, அறிவுரை கேட்டுக்கொண்டிருக்கும்போதே அன்றைய வெளிச்சத்தை இழந்தார்கள். மார்கழியிலும் ஆறரை மணியளவில் விடிந்துவிடும் எங்கள் கரையில் ஐந்து மணி மணியோசையே எங்களுக்குப் பெருந்துன்பமாக இருந்தது. வெளியே தரையெல்லாம் பனி உறைந்து கிடக்கும் ஊரில் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் ஒரே கட்டடத்தில், ஒரே மணிக்கு எழுந்தார்கள் என்பதை நினைக்கும்போது அவர்கள்மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

ஆயினும் அந்தக் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தவை கத்திகள்தான். காலையிலும் நண்பகலிலும் முதல் வரிசை மேசைகளிலிருந்து கத்திகளை எடுத்துச் செல்வதும், இரவில் அதே அளவு கத்திகளைக் கழுவித் துடைப்பதும் தம் வேலை என்று எமிலி எழுதுகிறார். வேலை கடினமானதன்று என்றும் சொல்கிறார். அந்தப் பள்ளியில் சமையலுக்கோ துப்புரவுக்கோ பணிப்பெண்கள் இல்லை. ஒருத்தி ரொட்டிக்கு மாவு பிசைவாள், ஒருத்தி மேசை பரப்புவாள், ஒருத்தி பெருக்குவாள். வழக்கறிஞரின் மகளாக இருந்தாலும் உழவரின் மகளாக இருந்தாலும் ஒவ்வொருத்திக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை உண்டு.

இதற்கு மேரி லயன் சொன்ன காரணத்தை நம் ஊர்ப் பெற்றோர் அறிய வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். வீட்டு வேலை பழக்குவது தம் பள்ளியின் நோக்கமே அன்று என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அது வீட்டில், தாயிடம் கற்க வேண்டியது என்றார். கூலியாட்களை வைக்காமல் செலவைக் குறைத்தால்தான் நடுத்தர வீட்டுப் பெண்ணும் படிக்க முடியும் என்பதே அவர் போட்ட கணக்கு. எமிலி படித்த காலத்தில் உணவு, தங்குமிடம், கல்வி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 60 டாலர்தான் கட்டணம். ஊர் ஊராகச் சென்று, பச்சை வெல்வெட் பையில் நன்கொடை திரட்டி, 1837 நவம்பர் 8 அன்று சுமார் 80 மாணவியருடன் பள்ளியைத் திறந்தவர் அவர். கல்லூரிகள் பெண்களுக்குப் பெரும்பாலும் மூடியிருந்த அக்காலத்தில், வேதியியலைத் தாமே பாடமாக நடத்தியவரும் அவரே. அந்த ஒரு மணி நேரத்து உழைப்பால்தான் மற்ற நேரமெல்லாம் அந்தப் பெண்களுக்குப் படிப்புக்குக் கிடைத்தது.

எங்கள் விடுதியிலும் முறை உண்டு. ஒரு வாரம் சுளகில் அரிசி புடைத்துக் கல் பொறுக்கும் முறை, மறுவாரம் தண்ணீர் முறை. கோடையில் தண்ணீர் முறைதான் எல்லாவற்றிலும் கொடியது. மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வரும் நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். மழைக்காலத்தில் ஊருணி நிறைந்துவிடுவதால் அந்தத் துன்பம் நீங்கிவிடும். ஆனால் அதற்கு ஈடாக விறகு எங்களைப் பாடாய்ப் படுத்தும். நனைந்த சீமைக்கருவேல விறகு எரியாது, புகையும், கண்ணைக் கரிக்கும். "ஏ புள்ள, ஈர விறக உள்ள திணிக்காத, அடுப்பைச் சுத்தி அடுக்கி வை, நாளைக்கு எரியும்" என்று சமையல்காரப் பெரியம்மா சொல்வார். நாளைக்கு எரிய வேண்டிய விறகை இன்றைய அனலில் உலர்த்தும் அந்தப் பழக்கம் இன்றும் என் கையில் இருக்கிறது. அக்காலத்து மாசசூசெட்ஸிலும் குளிரைத் தாங்க விறகையே பெரிதும் நம்பியிருந்தார்கள் என்று படித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது பெரியம்மாவின் குரல்தான்.

ஒன்றில் மட்டும் மேரி லயனோடு எனக்கு உடன்பாடில்லை. தன் தவறைத் தானே எல்லோர் முன்னும் சொல்ல வைப்பது பிள்ளைகளைத் திருத்தும் என்று நான் நம்பவில்லை. எங்கள் வார்டனும் மாலை ஸ்டடியில் அப்படிச் செய்ய வைத்தார். வீட்டிலிருந்து பணம் வராததைக்கூட நாங்கள் எழுந்து நின்று சொல்ல வேண்டியிருந்தது. 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், வாடைக் காலத்தில் அப்பாவையும் கடலையும் நினைத்துக்கொண்டே அங்கு நின்றோம். அந்த நிற்றலை நான் மறக்கவில்லை.

தனுஷ்கோடி முனைக்கு அப்பால், யாழ்ப்பாணத்து உடுவிலில், மவுண்ட் ஹோலியோக்குக்கு 13 ஆண்டுகள் முன்னதாகவே, 1824இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹாரியட் வின்ஸ்லோ பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அங்கு எலிசா அக்னியூ 1840 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தலைமையேற்றிருந்தார். எங்கள் கரையை நனைக்கும் அதே வடகிழக்கு மழையில்தான் அந்தத் தமிழ்ப் பெண்களும் படித்தார்கள்.

எமிலி அந்தக் கல்வியாண்டு முழுவதும் இடைவிடாமல் அங்கே தாக்குப்பிடிக்கவில்லை. இருமல் விடாததால் 1848 மார்ச்சில் அண்ணன் ஆஸ்டின் வந்து அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பின்னர் திரும்பி வந்து, ஆகஸ்டில் அந்தக் கல்வியாண்டோடு பள்ளியை விட்டு விலகினார்.

என் தங்கை மகள் இப்போது இராமநாதபுரத்தில் விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மழையோடு அவளைப் பார்க்கப் போனபோது, அந்தக் கடிதத்தின் நேர அட்டவணையைத் தமிழில் எழுதி எடுத்துச் சென்றேன். வராந்தாவில் நின்றே முழுவதையும் படித்தவள், "பெரியம்மா, அவ்வளவு குளிர்ல கத்தி கழுவச் சுடுதண்ணியாவது குடுத்தாங்களா?" என்று கேட்டாள். அதற்குள் ஸ்டடி மணி அடித்துவிட்டது. தாளை மடித்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு உள்ளே ஓடினாள்.