மார்விட்ஸ் மறுத்த உத்தரவு

மார்ச் 4, செவ்வாய்

யோஹான் பிரீட்ரிஷ் அடோல்ஃப் ஃபான் டெர் மார்விட்ஸ். பெயரை மனப்பாடம் செய்யவே இரண்டு நாள் ஆனது. 1723-இல் பிறந்தவர். இன்றைய ஜெர்மனிப் பகுதியில் இருந்த பிரஷ்யா நாட்டின் குதிரைப்படை அதிகாரி. அந்த நாட்டில் நிலக்கிழார் வீட்டுப் பையன் என்றால் பட்டாளம்தான். இவரும் இளவயதிலேயே ஜாந்தார்ம் குதிரைப்படையில் சேர்ந்து, பிறகு அதற்கே தளபதி ஆனார். பெர்லினிலேயே, அரசரின் கண்முன்னே இருக்கும் படை. மேலே ஏற வழி திறந்தே இருந்தது.

மார்ச் 6, வியாழன்

ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1760 அக்டோபரில் ரஷ்ய, ஆஸ்திரியப் படைகள் பெர்லினைப் பிடித்தபோது, அவர்கள் பக்கம் இருந்த இன்னொரு ஜெர்மன் நாடான சாக்சனியின் படையினர் ஷார்லொட்டன்புர்க் அரண்மனைக்குள் புகுந்து சூறையாடினார்கள். பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடெரிக் ஆசையாக வாங்கி வைத்திருந்த பழங்காலச் சிலைகளும் தப்பவில்லை. அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சாக்சனி ஆட்சியாளரின் வேட்டை மாளிகை ஹுபர்ட்டுஸ்பர்க்கைக் கொள்ளையடிக்கும்படி மார்விட்ஸுக்கு உத்தரவு போட்டார்.

மார்விட்ஸ் மறுத்துவிட்டார். நிரந்தரப் படையில் சேராத துணைப்படை அதிகாரிக்கு வேண்டுமானால் அது பொருந்தும், ஜாந்தார்ம் தளபதிக்குப் பொருந்தாது என்று சொன்னதாகச் சொல்கிறார்கள். பயந்து மறுக்கவில்லை. எதிரியின் வீட்டு நாற்காலியைத் தூக்கி வருவது போர்வீரன் வேலை இல்லை, அவ்வளவுதான். இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

காபி குடிக்கும்போது அப்பாவிடம் சொன்னேன். ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். “ஆர்டர்னா ஆர்டர்தான்ப்பா” என்றார். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “அவரைச் சுட்டுட்டாங்களா?” என்று கேட்டார்.

சுடவில்லை. அரசரின் தயவு போனது. நன்றாக வளர்ந்துகொண்டிருந்த பதவி வாழ்க்கை அங்கேயே தேங்கியது. பிறகு படையை விட்டு விலகினார். 1781-இல் இறந்தார்.

“சரி, கொள்ளை நடந்துச்சா இல்லையா?”

நடந்தது. குவின்டுஸ் இசிலியுஸ் என்ற அதிகாரி செய்து முடித்தார். நிஜப் பெயர் கார்ல் கோட்லீப் கிஷார்ட். இந்த ரோமானியப் பெயர் அரசர் சூட்டியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பெர்லினுக்குக் கிழக்கே, குடும்பத்தின் சொந்த ஊரான பிரீடர்ஸ்டார்ஃப் தேவாலயத்தில் மார்விட்ஸுக்கு நினைவுக்கல் இருக்கிறது. அதில் இருப்பதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்:

“பிரெடெரிக்கின் வீரக் காலத்தைக் கண்டார், அவருடைய எல்லாப் போர்களிலும் உடன் நின்று போரிட்டார். கீழ்ப்படிவது மானம் தராத இடத்தில் அரசரின் கோபத்தைத் தேர்ந்தெடுத்தார்.”

வைத்தது அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. படைத்தளபதி என்று பெருமை பேசாமல், பதவியைக் கெடுத்த அந்த ஒரு நாளையே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இன்றைய ஜெர்மன் ராணுவத்திலும் மனசாட்சி பற்றிப் பேச்சு வந்தால் இந்த வரியை எடுத்துச் சொல்கிறார்கள்.

ஏழாண்டுப் போரை முடித்த உடன்படிக்கை 1763 பிப்ரவரி 15 அன்று கையெழுத்தானது. இடம், அதே ஹுபர்ட்டுஸ்பர்க். அப்பா அதைக் கேட்டதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “கல்லுல இருக்கறதை இன்னொரு தடவை படி” என்றார்.