'பத்து வருஷமா' என்பதற்கு ஆங்கிலம்

"நான் பத்து வருஷமா பீடி சுத்துறேன்." நெல்லைப் பக்கம் முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ மாலை ஆங்கில வகுப்புக்கு வரும் ஓர் அக்காவிடம் இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், 'ஐ ஆம் ரோலிங் பீடிஸ் ஃபார் டென் இயர்ஸ்' என்பார். 'ஐ ஹேவ் பீன் ரோலிங்' என்று வர வேண்டும். இது கவனக்குறைவு இல்லை. என்றோ தொடங்கி இன்றும் நடக்கிற வேலைக்குத் தமிழில் நிகழ்காலம் போதும். மிச்சத்தை 'வருஷமா' பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் வினையே அதைக் காட்டியாக வேண்டும். மொழிப் பயிற்சிச் செயலிகள் பெரும்பாலும் சிவப்பில் 'தவறு' என்று காட்டுவதோடு சரி. தவறு தமிழிலிருந்து வருகிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. அந்தக் காரணத்தைப் பயிற்சி தயாரிக்கும் நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

கூகுள் ஃபார்ம்ஸ் வினாடி வினாவில் சரியான விடைக்கு ஒரு குறிப்பு, தவறான விடைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு குறிப்புதான் போட முடியும். அது போதாது. 'ஐ ரோல்' என்று தொட்டவரின் குழப்பம் வேறு, 'ஐ ஆம் ரோலிங்' என்று தொட்டவரின் குழப்பம் வேறு. அதனால் ஒவ்வொரு விடைக்கும் தனிப் பிரிவு போட்டு, கேள்வியின் மூன்று புள்ளியைத் தொட்டு, விடைக்கு ஏற்ற பிரிவுக்குப் போகும்படி இணைக்கிறோம். 'ஐ ரோல்' பிரிவில்: "இது உங்க தொழில் என்னன்னு மட்டும் சொல்லுது." 'ஐ ஆம் ரோலிங்' பிரிவில்: "இப்போ சுளகு மடியில இருக்கு, அவ்வளவுதான். பத்து வருஷம் இதுல ஒட்டாது." கீழேயே அதே வகையில் இன்னொரு கேள்வி. இங்கே எல்லாரும் சறுக்குவது ஓரிடத்தில்: பிரிவு முடிந்ததும் எங்கே போவது என்பதையும் மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் அது வரிசைப்படி அடுத்த பிரிவுக்குப் போகும். சரியாகச் சொன்னவர் தவறுக்கான விளக்கத்தில் போய் விழுவார், தன் விடையையே சந்தேகப்படுவார். ஒருவருக்கு ஒரு பதில் என்ற கட்டுப்பாட்டையும் போடக்கூடாது. போட்டால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். ஃபோன் பெரும்பாலும் பிள்ளையின் கணக்கில் இருக்கும்.

கோடிட்ட இடத்தைத் தட்டச்சு செய்யச் சொல்வது வேண்டாம். 'ஹேவ்' என்று அடித்ததும் 'பீன்' என்று விசைப்பலகையே எடுத்துக் கொடுக்கும். 'டோன்ட்' மாதிரிச் சொற்களில் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) வளைந்தோ நேராகவோ விழும். நாம் ஒன்றை மட்டும் விடையாகக் கொடுத்திருந்தால் மற்றது தவறாகிவிடும். நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவது எவ்வளவோ மேல். பேசினால் எழுத்தாகும் வசதியையும் உச்சரிப்புச் சோதனைக்கு நம்ப முடியாது. 'ஹி வொர்க்' என்று சொன்னாலும் பல சமயம் 'வொர்க்ஸ்' என்று அதுவே திருத்திப் போட்டுவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தால் யார் எதற்குப் போட்டார் என்பது பொதுவாக எல்லாருக்கும் தெரியும். முதல் ஓட்டின் பின்னாலேயே மற்ற ஓட்டும் போகும்.

கைக்கு வேலை இருப்பவர்களுக்குக் குரல்பதிவுதான் தோது. நாற்பது வினாடிக்குள் மூன்று வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் பிறகு திரும்பச் சொல்ல நான்கு வினாடி இடைவெளி. வாட்ஸ்அப்பில் வேகத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. ஆகவே நிதானத்தைப் பதிவிலேயே வைக்க வேண்டும். 'ஐ ஹேவ் பீன்' பேச்சில் 'ஐவ் பீன்' என்று சேர்ந்து ஒலிப்பதை மட்டும் பிரித்துவிடக்கூடாது.