டீப், கீப், ஸ்லீப்: உகரம் சேர்க்காமல் படிப்பது

ஆங்கிலக் கவிதையில் ரைம் ஆகும் சொற்களை எடுத்தெழுதச் சொன்னால், என் வகுப்புப் பிள்ளைகள் பென்சிலும் கையுமாக வரிக்கடைசியில் ஒரே எழுத்துகளில் முடியும் சொற்களைத் தேடுவார்கள். தமிழில் எழுதுவதற்கும் ஒலிப்பதற்கும் இடைவெளி குறைவு. அந்தப் பழக்கத்தில் கண்ணை நம்புகிறார்கள். அதனால் நான் முதலில் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுக் கவிதையை உரக்க வாசிப்பேன். காது சொல்லட்டும், பிறகு கண் பார்த்துக்கொள்ளட்டும்.

இதற்கு நான் விரும்பி எடுப்பது அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்ட்டின் ‘ஸ்டாப்பிங் பை வுட்ஸ் ஆன் எ ஸ்னோயி ஈவினிங்’. 1923-இல் வெளியான கவிதை. பனி பொழியும் மாலையில் தன் குதிரையோடு போகிற ஒருவன், வேறொருவருக்குச் சொந்தமான காட்டோரம் நின்று பார்க்கிறான். பிறகு, போக வேண்டிய தூரத்தை நினைக்கிறான். அவ்வளவுதான் நடப்பது. நேரு தம் மேசையில் இதன் கடைசி வரிகளை எழுதி வைத்திருந்ததால் நம் நாட்டில் கவிதை படிக்காதவர்களுக்கும் அந்த வரிகள் தெரியும்.

மொத்தம் 16 வரி. வரிக்கு 8 அசை. (அசை என்று இங்கே சொல்வது ஆங்கிலக் கணக்கில், ஓர் உயிரொலிக்கு ஒன்று. நேரசை, நிரையசைக் கணக்கு வேறு.) கடைசிச் சொற்களை மட்டும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: நோ, தோ, ஹியர், ஸ்நோ. குவியர், நியர், லேக், இயர். ஷேக், மிஸ்டேக், ஸ்வீப், ஃபிளேக். டீப், கீப், ஸ்லீப், ஸ்லீப். ஹியர், நியர் எல்லாம் தமிழில் எழுதினால் ஈரசை போலத் தோன்றும், வாயில் ஒன்றுதான்.

இதில் ‘ஹியர்’, ‘குவியர்’, ‘நியர்’ மூன்றும் ஆங்கிலத்தில் மூன்று விதமாக (here, queer, near) எழுதப்படுகின்றன. ‘தோ’வுக்கும் (though) ‘ஸ்நோ’வுக்கும் (snow) கடைசி எழுத்தே வேறு. கண்ணால் தேடிய பிள்ளை இவற்றைத் தவறவிடும், காதால் தேடிய பிள்ளை பிடித்துவிடும்.

இதுதான் ஓரசை ரைம். உயிரொலியும் அதற்குப் பின் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும், முன்னால் நிற்கும் மெய் மட்டும் மாற வேண்டும். சொல் எவ்வளவு நீளம் என்பது பொருட்டல்ல. ‘மிஸ்டேக்’ ஈரசைச் சொல்தான், ஆனால் அழுத்தம் ‘டேக்’ மீது விழுவதால் ‘ஷேக்’குடன் சரியாகப் பொருந்துகிறது. அழுத்தம் முன்னசையில் விழுந்து, பின்னால் ஓர் இளைத்த அசை தொங்கினால் அது ஈரசை ரைம்: ‘பிளெஷர்’, ‘டிரெஷர்’ போல. ஷேக்ஸ்பியரின் 20-ஆம் சானெட் (பதினான்கு வரிக் கவிதை) முழுவதும் இந்த வகைதான். அங்கே வரி முடிந்த பிறகும் ஓசை சற்று இழுபடும். ஓரசையில் இழுப்பே கிடையாது, அழுத்தம் விழுந்த இடத்திலேயே வரி நின்றுவிடும்.

நம் பிள்ளைகளுக்கு இங்கேதான் சிக்கல். க், ட், ப் போன்ற வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடிவதில்லை. தொல்காப்பியர் காலத்திலிருந்தே அப்படித்தான். ஆகவே நம் நாக்கு தானாக ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்ளும்: லேக்கு, ஷேக்கு, டீப்பு, கீப்பு. யாரையும் குறை சொல்ல முடியாது, குற்றியலுகரத்திலேயே வளர்ந்த நாக்கு அது. ஆனால் அந்தச் சின்ன உகரம் ஓரசை ரைமை ஈரசை ஆக்கிவிடுகிறது. ஃபிராஸ்ட் வரியை நிறுத்திய இடத்தில் நாம் நிற்பதில்லை.

கவிதையின் ஓசைப் போக்கைக் கவனித்தால் இதனால் என்ன போகிறது என்று புரியும். முதல் பத்தியில் ‘நோ’, ‘ஸ்நோ’ என்று வாய் திறந்தே இருக்கிறது. மூன்றாம் பத்தியில் ‘ஷேக்’, ‘ஃபிளேக்’ என்று தொண்டைப் பக்கம் அடைபடுகிறது. கடைசிப் பத்தியில் ‘டீப்’, ‘கீப்’, ‘ஸ்லீப்’: ஒவ்வொரு வரிக்கும் உதடு மூடிக்கொள்கிறது. ‘ஸ்லீப்பு’ என்று படித்தால் உதடு மறுபடி திறந்துவிடும். இதை வகுப்பில் சொல்லிப் புரியவைப்பதைவிட, உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு நாலு வரியைச் சொல்லச் சொல்வது எளிது. கடைசிப் பெஞ்சு வரைக்கும் புரிந்துவிடும்.

இப்படி ஒன்று நம்மிடம் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது, வரியின் மறுமுனையில். ‘கற்றதனால் ஆய பயனென்கொல் வாலறிவன் / நற்றாள் தொழாஅர் எனின்.’ முதற்சீர்களின் தலையை மட்டும் எடுங்கள்: கற், நற். முன்மெய் மாறுகிறது, ‘அற்’ மாறவில்லை. ‘டீப்’, ‘கீப்’ செய்கிற அதே வேலையை எதுகையாகச் செய்கிறது குறள். நாம் ஏன் தலையில் வைத்தோம் என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இது: தமிழ்ச் சொல்லின் வேர் தலையில் இருக்கிறது, வால் முழுக்க விகுதி. வந்தான், சென்றான், நின்றான் என்று கடைசியில் ஒத்துப்போக உழைப்பே வேண்டாம். இயைபு என்று அதற்கும் தொல்காப்பியத்தில் இடம் உண்டு, ஆனாலும் நம் மரபுச் செய்யுள் எதுகையைத்தான் பெரிதும் நம்பியது. ஆங்கிலத்திலோ பழைய விகுதிகள் பல தேய்ந்துபோய், அன்றாடச் சொற்களில் பெரும்பாலானவை வெறும் வேராக நிற்கின்றன. அதனால் அங்கே வரிக்கடைசியிலேயே சொல்லின் உயிர் இருக்கிறது.

இனி அந்தக் கடைசி இரண்டு ‘ஸ்லீப்’. முதல் மூன்று பத்திகளிலும் மூன்றாம் வரி மட்டும் தனித்து நிற்கும். அதன் ஓசையை அடுத்த பத்தி எடுத்துக்கொள்ளும். ‘ஹியர்’ இரண்டாம் பத்தியை ஆளும், ‘லேக்’ மூன்றாம் பத்தியை, ‘ஸ்வீப்’ நான்காம் பத்தியை. நான்காம் பத்திக்குப் பின் எடுத்துக்கொள்ள யாரும் இல்லை. ஃபிராஸ்ட் நாலு வரியையும் ஒரே ஓசையில் கட்டி, ‘அண்ட் மைல்ஸ் டு கோ பிஃபோர் ஐ ஸ்லீப்’ என்ற வரியை அப்படியே திரும்பச் சொல்லிவிட்டார். முன்மெய்கூட மாறவில்லை. விதிப்படி பார்த்தால் இது ரைமே இல்லை.

“அப்படியானால் இது என்ன, டீச்சர்?” என்பார்கள். தமிழ் வகுப்பில் படித்த பின்வருநிலையணியை நினைவுபடுத்துவேன். வந்த சொல்லே அதே பொருளில் மீண்டும் வந்தால் சொற்பொருள் பின்வருநிலை, வேறு பொருளில் வந்தால் சொல் பின்வருநிலை. இரண்டாம் ‘ஸ்லீப்’ சாவைக் குறிக்கிறது என்று படிப்பவர்கள் பலர். அவர்களுக்கு இது சொல் பின்வருநிலை. வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். நான் சொற்பொருள் பக்கம். அவன் கொடுத்த வாக்கு இருக்கிறது, போக வேண்டிய தூரம் இருக்கிறது, தூக்கம் வருகிறது. அதையே இரண்டு முறை தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான்.