நீலம், கருப்பு, எண்ணெய்: குன்னூர் ஸ்டேஷனுக்கு நாலு நடை

போன வருஷம் பெங்களூரு போனபோது எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) விமான அருங்காட்சியகத்தில் அரை நாள் இருந்தேன். அங்கே மாருத் போர் விமானம் நிற்கிறது. ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் வடிவமைத்து 1961-ல் முதலில் பறந்த, நம் நாட்டில் உருவான முதல் ஜெட் போர் விமானம். அதைச் சுற்றிச் சுற்றி வந்து ஏகப்பட்ட படம் எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் எல்லாம் வாழ்த்து அட்டைப் படம் மாதிரி இருந்தது. ஒன்றே ஒன்றுதான் மனசில் நின்றது. விமானம் என்றே தெரியாத அளவுக்கு நெருங்கி எடுத்த ரிவெட் வரிசை, அதன் குறுக்கே இரண்டு நிறப் பெயின்ட் சந்திக்கும் ஒரு கோடு. அவ்வளவுதான்.

அந்த மாதிரி நெருக்கமான படம் எடுக்க, குன்னூரில் விமானத்துக்கு எங்கே போவது? ஆனால் பழைய இரும்புக்குப் பஞ்சமில்லை. தினமும் காலை மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஒரு எக்ஸ் வகை நீராவி எஞ்சின் ஏறி வருகிறது. குன்னூரில் அதைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அந்த மாற்றம் நடக்கும் சில நிமிஷம்தான் எனக்குக் கிடைக்கும் நேரம். நான் நின்றது எப்போதும் பிளாட்பாரத்தில்தான். தண்டவாளத்தில் இறங்கவில்லை, அனுமதி இல்லாமல் ஷெட் பக்கமும் போகவில்லை. தூரத்தை அருகில் இழுக்கும் 70-300 லென்ஸ் இருந்தால் அதற்குத் தேவையும் இல்லை.

முதல் நடை பிப்ரவரியில், பளிச்சென்ற வெயிலில். ஒன்றும் தேறவில்லை. எஞ்சினின் நீலத் தண்ணீர்த் தொட்டிமேல் வானம் பிரதிபலித்து நீலமே வெளுத்துவிட்டது. கருப்புப் பகுதியோ சாம்பலாக வந்தது. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கும், கருப்பு நிறைந்த ஃபிரேமைத் தானாகவே வெளுக்க வைக்கும். அடுத்த தடவையிலிருந்து எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்து வைத்தேன், கருப்பு கருப்பாக வந்தது. பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரும் போட்டுப் பார்த்தேன். பெயின்ட்மேல் இருந்த பளபளப்பை அது நன்றாகவே எடுத்தது. ஆனால் பெயின்ட் இல்லாத இரும்பில் அதன் பாச்சா பலிக்கவில்லை. உலோகப் பிரதிபலிப்பை அந்த ஃபில்டரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்பது அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது.

இரண்டாவது நடை மூடுபனியில். போகவேண்டாம் என்றுதான் நினைத்தேன். நல்லவேளை போனேன். பனி இருக்கும்போது வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் மெதுவாக வருகிறது. நிழல் இல்லை, கண்ணைக் குத்தும் பளபளப்பு இல்லை, நிறம் அப்படியே கெட்டியாக நிற்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்தேன். நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தது. பனியின் நீலச் சாயலைச் சரிசெய்கிறேன் என்று கேமரா எஞ்சினின் நீலத்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டது. இப்போது அதை டேலைட்டில் (பகல் வெளிச்ச அமைப்பில்) பூட்டிவிடுகிறேன். குளிர் குளிராகவே தெரியட்டும், அதுதானே குன்னூர்.

மூன்றாவது நடையில்தான் இந்த வேலையே எனக்குப் பிடிபட்டது. பிளாட்பார டீக்கடையில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். பல வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் கேமராத் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பெயின்ட்டையே எடுத்திருக்கே? எது ஓடுது, எது சும்மா இருக்குன்னு பார்த்து எடு" என்றார்.

"எது ஓடுதுங்கய்யா?" என்றேன்.

சொன்னார். இந்த எஞ்சினில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிலிண்டர், ஒன்றின் மேல் ஒன்று. பாய்லரிலிருந்து வரும் நீராவி முதலில் கீழ் சிலிண்டரில் வேலை செய்து சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். அங்கே அழுத்தம் குறைந்த அதே நீராவி, மேல் சிலிண்டருக்குப் போய், தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்பட்டையைப் பிடித்து ஏறும் பல்சக்கரத்தைச் சுற்றும். சுமார் 12 அடிக்கு 1 அடி ஏறுகிற கல்லாறு-குன்னூர் ஏற்றத்தில் மட்டும்தான் மேல் சிலிண்டருக்கு வேலை. சமதளத்தில் அது சும்மா இருக்கும். முதலில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த வகை எஞ்சின்கள் இவை. 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் போட்ட பாதையில், சிலவற்றைத் திருச்சி பொன்மலைப் பணிமனை எண்ணெய் எரிபொருளுக்கு மாற்றியபின்னும், இன்றும் அதே அமைப்பில்தான் ஏறுகின்றன.

இதைக் கேட்டபிறகு என் கண் போகும் இடமே மாறிவிட்டது. அதுவரை நான் நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது சிலிண்டரிலிருந்து சக்கரத்தை ஓட்டுகிற ராடுகளைப் பார்த்தேன். உராய்ந்து உராய்ந்து வெள்ளி மாதிரி ஆன எஃகு, அதன்மேல் மெல்லிய எண்ணெய், அந்த எண்ணெய்க்குள் தொட்டியின் நீலம் ஒரு கோடாக நெளிகிறது! தனியாகத் தொட்டியை எடுத்தபோது வராத நீலம் இங்கே இருந்தது. போலரைசரைத் திருப்பினால் எண்ணெய்யின் மினுக்கு மங்கியது, கழற்றிப் பையில் போட்டேன். பனியில் அது குடிக்கும் வெளிச்சமும் மிச்சம். அபர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800. திறப்பு பெரிதான எஃப் 4-ல் ராடின் ஒரு முனை மங்கிவிடுகிறது. இந்த மாதிரிப் படத்தில் கோடுகள் முழுக்கக் கூர்மையாக இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நாலாவது நடையில் பல் தண்டவாளத்தை எடுக்கப் பார்த்தேன். இந்தப் பாதையில் உள்ள ஆப்ட் என்ற முறையில் இரண்டு பல்பட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எஞ்சினின் பல் எப்போதும் ஏதாவது ஒன்றைப் பிடித்திருக்க அந்த ஏற்பாடு. அந்த ஒன்றுவிட்ட வரிசை படத்தில் கோலப்புள்ளி மாதிரி வரும் என்று நினைத்தேன். ஆனால் பிளாட்பாரத்திலிருந்து கோணம் சாய்ந்துவிடுகிறது, பற்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தெரிகின்றன. இன்னும் சரியாக வரவில்லை. அடுத்த மாதம் ரயிலிலேயே கல்லாறு போய் அங்குள்ள பிளாட்பாரத்திலிருந்து முயற்சி செய்யவேண்டும்.

ராடு படத்தை மட்டும் பெரிதாக அச்சடித்தேன். வீட்டில் காட்டினால் அம்மா "ஏதோ ஆத்துத் தண்ணியாடா?" என்றார். தங்கை கண்ணாடி என்றாள். சரி என்று ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பெரியவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி ஒரு தடவை பார்த்தார்.

"மேல் ராடு. வண்டி அப்பத்தான் மலை ஏறி வந்திருக்கு."

"எப்படிங்கய்யா சொல்றீங்க?"

"எண்ணெய் புதுசா தெறிச்சிருக்கே, தம்பி. சும்மா நின்னிருந்தா இந்த மினுக்கு ஏது?"

படத்தைச் சுருட்டாமல், மடியாமல், செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனார்.