விடை முகப்புக்கு வெளியே இருக்கிறது

கடலின் மேலடுக்கு நீருக்கும் கனமான கீழடுக்கு நீருக்கும் இடையே ஓடும் அலையான உள்ளலை எங்கே பிறக்கிறது என்று கேட்டால், கடலடி மேடுகளின் மேல் ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் என்பதே வழக்கமான பதில். ஓரிகனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே பசிபிக்கில் விழும் கொலம்பியா ஆற்றில் இன்னொரு பதில் கிடைத்தது. ஓதம் வற்றும்போது வெளியே பாயும் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லியதாக விரிகிறது. அதன் முன்விளிம்பான முகப்பு, தனக்கு முன்னுள்ள நீரைக் கீழே அமுக்கிக்கொண்டே போகிறது. விரிய விரிய வேகம் தளர்கிறது. முன்னுள்ள நீரில் அலை ஓடக்கூடிய வேகத்துக்குக் கீழே அது இறங்கியதும், அமுங்கிய நீர் அலையாகக் கழன்று ஓடுகிறது. கடலியலாளர்கள் நாஷ், மௌம் இருவரும் இதை 2005-இல் நேச்சர் இதழில் காட்டினார்கள்.

முகப்பில் நுரைக்கோடு கண்ணுக்குத் தெரிவதால், அளவெடுக்கும் கப்பலை அதைச் சுற்றியே ஓட்டத் தோன்றும். ஆனால் அலை கழலுமா என்பதைத் தீர்மானிப்பது நன்னீர் இன்னும் தொடாத கடல். 60 மீட்டர் ஆழத்தில் மேலடுக்கு 10 மீட்டர், இரு அடுக்குகளின் அடர்த்தி வேறுபாடு கனமீட்டருக்கு 3 கிலோ என்றால் அலைவேகம் விநாடிக்கு அரை மீட்டர் அளவு. மேலடுக்கு 5 மீட்டராக மெலிந்தால் 0.36 மீட்டர். காற்று திரும்பினாலே இந்த மாற்றம் வந்துவிடும். அதனால் ஆழத்தோடு வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் சிடிடி கருவியின் நேற்றைய அளவை வைத்து இன்றைய முகப்பைக் கணக்கிடக்கூடாது. முகப்பு வந்து சேருமுன் அங்கே போய்ப் சிடிடியைப் புதிதாக ஒருமுறை இறக்கியே ஆகவேண்டும்.

ஜிபிஎஸ் தரும் முகப்பின் வேகம் தரையைச் சார்ந்தது. ஒப்பிட வேண்டியதோ முன்னுள்ள நீரைச் சார்ந்த வேகத்தை. அந்த நீரே எதிரே 0.2 மீட்டர் வேகத்தில் வந்தால், 0.4 என்று ஜிபிஎஸ் காட்டும் முகப்பு உண்மையில் 0.6-இல் ஓடுகிறது. கழித்துக் கூட்டாமல் விட்டால் முடிவு தலைகீழாகிவிடும்.

நன்னீர்ப் படலம் சில மீட்டர்தான் தடிமன். 4 மீட்டர் அமிழும் கப்பலின் அடியில், ஒலியால் நீரோட்ட வேகத்தை அளக்கும் ஏடிசிபி கருவி இருந்தால், முதல் அளவு 6 மீட்டருக்குக் கீழேதான் வரும். படலம் முழுவதும் தவறிப்போகும். கப்பலின் உடலே அந்த நீரைக் கலக்கியும் விடுகிறது. சிறு படகின் பக்கவாட்டில் கம்பத்தில் பொருத்துவதே நல்லது. ஆழம் கூடக்கூடக் கருவியின் ஒலிக்கற்றைகள் விலகிப்போவதும் நினைவில் இருக்கட்டும். 20 பாகை சாய்ந்த கற்றைகள் 40 மீட்டருக்குக் கீழே எதிரெதிராக 29 மீட்டர் தள்ளி நிற்கும். செங்குத்தான அலைமுகத்தில் ஒரு கற்றை மேலெழும் நீரையும் மற்றது கீழிறங்கும் நீரையும் பார்க்கும். அங்கே வரும் செங்குத்து வேகத்தை அப்படியே நம்பக்கூடாது.

ஓடும் கப்பலிலிருந்து அலைநீளம் எடுப்பதிலும் பிழை உண்டு. 200 மீட்டர் அலை அரை மீட்டர் வேகத்தில் வருகிறது, கப்பல் 2.5 மீட்டர் வேகத்தில் எதிரே போகிறது என்றால் அது 167 மீட்டராகத் தெரியும். கூடவே போனால் 250. இரு திசையிலும் கடந்து திருத்திக்கொள்ளலாம்.

கடலடியில் நங்கூரமிட்டு வெப்பமானிகளைக் கோத்து நிறுத்தும் கம்பிகளில் வேறு சிக்கல். நீரோட்டம் வலுத்தால் கம்பி சாய்ந்து வெப்பமானிகள் ஆழத்துக்கு இறங்கி, குளிர்ந்த நீரைக் காட்டும். மேலடுக்கைக் கீழே தள்ளும் அலையோ அதே இடத்தில் வெப்பத்தைக் கூட்டும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துப் பெரிய அலையைச் சிறிதாக்கிவிடும். உச்சியிலும் நடுவிலும் அழுத்தமானி இருந்தால்தான் இதைப் பிரிக்க முடியும். ஐந்து பத்து நிமிடத்தில் கடந்துவிடும் அலைக்குப் பத்து நிமிட இடைவெளியில் பதிவதில் பயனில்லை; நிமிடத்துக்கு ஒருமுறையாவது பதிய வேண்டும்.

பதிவில் தெரியும் தாவல் அலையா, முகப்பா? அதைக் கண்டுபிடிக்க நான் முதலில் போடுவது வெப்பம்–உப்புத்தன்மை வரைபடம்; ஒவ்வொரு அளவும் அதில் ஒரு புள்ளி, ஒரே நீரின் புள்ளிகள் ஒரு கோட்டில் விழும். அலை அதே நீரை மேலும் கீழும் ஆட்டுவதால் புள்ளிகள் பழைய கோட்டிலேயே ஓடித் திரும்பும். முகப்பு வேறு நீரைக் கொண்டுவருவதால் புள்ளிகள் கோட்டை விட்டு விலகி அங்கேயே நிற்கும். கூர்மையான அடுக்கில் உப்பைக் கணக்கிட உதவும் மின்கடத்துதிறன் உணரியும் வெப்பமானியும் ஒரே வேகத்தில் பதிலளிக்காததால் எழும் பொய்யான உப்பு முட்கள்கூட இதே விலகலைக் காட்டக்கூடும். வரைபடத்தைப் படிக்குமுன் இரு உணரிகளின் நேரத்தையும் ஒத்திசைத்து விடுங்கள்.